நூலக அறையில் ஒரு வாக்குமூலம்

(வாசகர் வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கணவன் மனைவிக்குள் புதைந்து கிடக்கும் இரகசியங்களை வைத்து எழுதப்பட்ட திகில் நாவல்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பட்டியல் போட ஆரம்பித்தால் பொழுது விடிந்துவிடும். அதனால் ஒரே ஒரு நாவலை எடுத்துக்கொள்கிறேன். 1938 ஆகஸ்டில் லண்டனில் விக்டர் கொலான்ஸ் பதிப்பகம் வெளியிட்ட ‘ரெபெக்கா’. எழுதியவர் டாஃப்னி டூ மோரியே. அப்போது அவருக்கு வயது 31.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். முடிச்சை அவிழ்க்காமல் இந்த நாவலைப் பேச முடியாது. இன்னும் படிக்காதவர்கள் மனசுக்குள் என்னைத் திட்டிக்கொள்ளலாம். ஆனால் முடிவு தெரிந்துவிட்டால் சப்பென்று போய்விடும் ரகம் இல்லை இது. சொல்லப்போனால், முடிவு தெரிந்த பிறகு படிக்கும்போதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மான்டி கார்லோவில் ஒரு பணக்கார அமெரிக்க அம்மாளுக்குச் சம்பளத்துக்குத் துணையாக இருக்கிறாள் ஓர் இளம்பெண். அவள்தான் கதையைச் சொல்கிறாள். நாவல் முழுக்க அவள் பெயர் வருவதே இல்லை. முதலில் பெயர் எதுவும் தோன்றவில்லை, பிறகு பெயரில்லாமலே எழுதி முடிப்பது ஒரு சவாலாகிவிட்டது என்று டூ மோரியே பின்னாளில் சொன்னார். அங்கே மாக்ஸிம் டி வின்டர் என்பவனைச் சந்திக்கிறாள். அவள் வயதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு வயது. முதல் மனைவி ரெபெக்கா கடலில் படகு கவிழ்ந்து இறந்து ஓராண்டுகூட ஆகவில்லை. சில வாரங்களில் கல்யாணம் முடிகிறது. இங்கிலாந்தின் மேற்குக் கடற்கரையில் மாண்டர்லி என்ற அவனுடைய பரம்பரை மாளிகைக்கு வந்து இறங்குகிறாள்.

வந்தவளுக்கு அந்த வீட்டில் எதைத் தொட்டாலும் ரெபெக்கா. மேசையில் அவள் கையெழுத்து. மழைக்கோட்டின் பையில் அவள் கைக்குட்டை, அதில் பின்னப்பட்ட ‘ஆர்’ எழுத்து. சமையலுக்கு அவள் வகுத்த முறை. மேற்குப் பக்கத்து அறையில் அவள் இரவு உடையை இன்னமும் மடித்து வைத்திருக்கும் மிஸஸ் டான்வர்ஸ் என்ற வீட்டு மேலாளர். ரெபெக்கா அழகி, கெட்டிக்காரி, எல்லோருக்கும் பிரியமானவள் என்று ஊரே சொல்கிறது. கணவன் மட்டும் வாய் திறப்பதில்லை. அவனுடைய அந்த மௌனத்துக்கு இந்தப் பெண் தானாகவே ஓர் அர்த்தம் எழுதிக்கொள்கிறாள்: இவர் இன்னும் அவளையே நினைத்து உருகுகிறார், நான் வெறும் ஒப்புக்குத்தான்.

இங்கேதான் டூ மோரியேயின் கைவரிசை. நாவலின் பெரும்பகுதியில் நடப்பது என்ன என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஒருத்தி வீட்டுக்குள் நடக்கிறாள், தேநீர் குடிக்கிறாள், நாயோடு உலாவப் போகிறாள், கற்பனை செய்கிறாள். யார் என்ன பேசியிருப்பார்கள், தன்னைப் பற்றி வேலைக்காரர்கள் என்ன சொல்லிச் சிரித்திருப்பார்கள் என்று முழு உரையாடலையே மனசுக்குள் நடத்திப் பார்க்கிறாள். நமக்கும் அவள் கற்பனையைத் தவிர வேறு கண் கிடையாது. அதனால் அவள் நம்பும் பொய்யை நாமும் நம்புகிறோம்.

ஒரு சின்ன இடம் சொல்கிறேன். காலை நேரத்தில் உட்காரும் அறையில் புத்தகங்களை அடுக்கப்போய், விலையுயர்ந்த ஒரு பீங்கான் மன்மதன் பொம்மையைக் கீழே தள்ளி உடைத்துவிடுகிறாள். வீட்டு எஜமானி உடைத்தால் என்ன? மணியை அடித்து ஆளைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்ல வேண்டியதுதானே? இவள் துண்டுகளைப் பொறுக்கி ஓர் உறைக்குள் போட்டு, மேசை இழுப்பறையின் கடைசியில் செருகி மறைக்கிறாள். பழி வேலைக்காரப் பையன் மேல் விழுகிறது. விஷயம் வெளிவந்ததும் கணவன் சிரிக்கிறான், நீ என்ன வேலைக்காரியா என்று கடிந்துகொள்கிறான். முதல் வாசிப்பில் இது அவளுடைய தாழ்வு மனப்பான்மையைக் காட்டும் காட்சியாகத்தான் தெரியும். இரண்டாவது முறை படிக்கும்போது, சிரிக்கும் அந்த மனிதன் எதை ஒளித்துவைத்துவிட்டுச் சிரிக்கிறான் என்று நமக்குத் தெரியும். அதே வீட்டில் அவள் ஒளித்தது ஒரு பொம்மை, அவன் ஒளித்தது ஒரு பிணம்.

அதற்கு வருவோம். நாவலில் மூன்றில் இரண்டு பங்கு கடந்துவிட்டது. மாளிகையில் மாறுவேட விருந்து நடந்து முடிந்த மறுநாள், பனிமூட்டத்தில் ஒரு கப்பல் கரையோரம் தட்டி நிற்கிறது. கப்பலின் அடிப்பாகத்தைப் பார்க்க மூழ்கிய ஆள், கடலடியில் ரெபெக்காவின் படகைக் காண்கிறான். படகின் அறைக்குள் ஒரு சடலம். அப்படியானால், முன்பு கரையொதுங்கியதாகச் சொல்லி, மாக்ஸிம் போய் அடையாளம் காட்டி, குடும்பக் கல்லறையில் அடக்கம் செய்தார்களே, அது யார்?

நூலக அறையில் மாக்ஸிம் மனைவியிடம் சொல்லிவிடுகிறான். ரெபெக்கா கடலில் மூழ்கிச் சாகவில்லை. கடற்கரைக் குடிலில் வைத்து நான்தான் சுட்டேன். உடலைப் படகில் ஏற்றி, துளை போட்டு மூழ்கடித்தேன். அவளை நான் ஒருநாளும் நேசித்ததில்லை, வெறுத்தேன்.

இதைக் கேட்கும் அந்த இளம் மனைவிக்கு என்ன ஆகிறது? பயம் வரவில்லை. செத்துப்போனவளுக்காக ஒரு துளி இரக்கம் வரவில்லை. அவள் காதில் விழுவது ஒரே ஒரு சேதிதான்: இவர் ரெபெக்காவைக் காதலிக்கவில்லை. மனசு லேசாகிறது. கல்யாணமாகி இத்தனை நாளில் இல்லாத நெருக்கம் அன்றைக்கு அந்த அறையில் வருகிறது. ஒரு கொலை வாக்குமூலத்தை அவள் காதல் வாக்குமூலமாக வாங்கிக்கொள்கிறாள்.

நண்பர்களே, இந்த நாவலின் திகில் மாளிகையிலோ டான்வர்ஸின் வெளிறிய முகத்திலோ இல்லை என்பது என் கட்சி. அது இந்த நிம்மதியில் இருக்கிறது. அவளுக்கு மட்டுமா நிம்மதி? படிக்கிற நமக்கும்தான். அந்த நிமிடத்திலிருந்து புத்தகம் முடியும்வரை, ஒரு கொலைகாரன் அகப்பட்டுவிடக் கூடாதே என்று நாம் பதறுகிறோம். விசாரணையில் டாப் என்ற படகு கட்டுபவர் எழுந்து, படகின் அடிப்பலகையில் உள்ள துளைகள் உள்ளிருந்து அடிக்கப்பட்டவை என்று சொல்லும்போது நமக்கு வியர்க்கிறது. அந்த மனிதர் சொன்னது உண்மை. உண்மை வெளிவந்துவிடுமோ என்றுதான் நமக்கு வியர்க்கிறது.

வாக்குமூலத்துக்கு மறுநாள் நடப்பதை இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். இதுவரை சமையல் பட்டியலைக் கையில் வாங்கவே கூசியவள், அன்று அதை எடுத்துப் பார்க்கிறாள். விருந்தில் மீந்த இறைச்சியையே ஆறிப்போனபடி திரும்பவும் போடப்போகிறார்கள். ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, சூடாக ஏதாவது செய்யச் சொல்லி அனுப்புகிறாள். டான்வர்ஸ் கொதித்துப்போய் நேரில் வருகிறாள், ரெபெக்கா இருந்தால் இப்படிச் செய்யமாட்டாள் என்கிறாள். அவள் என்ன செய்வாள் என்பது எனக்கு முக்கியமில்லை, இப்போது மிஸஸ் டி வின்டர் நான்தான் என்று பதில் வருகிறது. நாவல் நெடுகிலும் நாம் காத்திருந்த இடம் இது. கைதட்டத் தோன்றும். ஆனால் அந்தத் தைரியம் அவளுக்கு எங்கிருந்து வந்தது? கணவனின் கொலை இரகசியம் கைக்கு வந்த பிறகு வந்தது. வீட்டின் சாவிக்கொத்தை யாரும் தரவில்லை, அந்த இரகசியம்தான் அவளை எஜமானி ஆக்கியது.

கணவனுக்கு இதில் ஒரே ஒரு வருத்தம்தான். உன் முகத்தில் இருந்த அந்தக் குழந்தைத்தனமான பார்வை போய்விட்டது, இனி வராது என்கிறான். கொன்றதற்காக அவன் வருந்துவதாக எங்கேயும் இல்லை. முன்னால் ஓரிடத்தில், சிலவகை அறிவு உனக்கு வராமல் பூட்டி வைப்பதே நல்லது என்று அவளிடம் சொல்லியிருப்பான். இந்தப் பூட்டு பழையது. 1697இல் சார்ல் பெரோ எழுதிய நீலத்தாடி கதையில் கணவன் மனைவியிடம் வீட்டின் எல்லாச் சாவியையும் கொடுத்துவிட்டு, ஓர் அறையை மட்டும் திறக்காதே என்பான். உள்ளே முந்தைய மனைவிகளின் பிணங்கள் கிடக்கும். 1847இல் ‘ஜேன் அயர்’ நாவலில் சார்லட் பிரான்டி அந்த அறையில் உயிரோடு ஒரு மனைவியை அடைத்து வைத்தார். அந்த இரண்டு கதைகளிலும் அறை திறந்ததும் பெண் மிரண்டுபோகிறாள். ஜேன் அயர் திரும்பி வருகிறாள் என்றாலும் முதலில் ஓடத்தான் செய்கிறாள். டூ மோரியேயின் பெண் மிரளவும் இல்லை, ஓடவும் இல்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள்.

இந்த மாக்ஸிம் ஏன் ரெபெக்காவை விவாகரத்து செய்யவில்லை என்று கேட்க வேண்டும். கல்யாணமான ஐந்தாம் நாள், மான்டி கார்லோவுக்கு மேலே ஒரு மலைமுகட்டில் வைத்து, அவள் தன் வாழ்க்கையை அவனிடம் சொல்லிவிட்டாள். நாவலின் தொடக்கத்தில் அவன் கதைசொல்லியைக் காரில் அழைத்துப்போகும் அதே முகடு. பிறர் தொடர்பு என்ற காரணம் காட்டி மனைவியை விலக்க இங்கிலாந்துக் கணவனுக்கு 1857 சட்டத்திலிருந்தே வழி இருந்தது. கொடுமை, கைவிடுதல் போன்ற காரணங்களைச் சேர்த்த 1937 சட்டம், நாவல் வெளிவந்த 1938இன் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. ஆக மாக்ஸிமுக்குச் சட்டம் குறுக்கே நிற்கவில்லை. நீதிமன்றமும் பத்திரிகைச் செய்தியும் ஊர்ச் சிரிப்பும்தான் குறுக்கே நின்றன. ரெபெக்கா ஒரு பேரம் பேசினாள்: நான் மாண்டர்லியை நாடே வியக்கும்படி நடத்துகிறேன், நீ என்னைக் கேள்வி கேட்காதே. அவன் ஒப்புக்கொண்டான். அந்தப் பேரத்தை அவள் மீறி, வேறொருவனின் பிள்ளை மாண்டர்லியை ஆளும் என்று சீண்டியபோதுதான் சுட்டான். மானத்தைவிட மாளிகை பெரிதாக இருந்த மனிதன் அவன்.

உண்மையில் அவள் கருவுறவில்லை. லண்டனில் டாக்டர் பேக்கர் வீட்டில் உண்மை தெரிகிறது. அவளுக்குப் புற்றுநோய், சில மாதங்களில் சாகப்போகிறவள். அவனைத் தூண்டிவிட்டு அவன் கையால் சாவை வாங்கிக்கொண்டாள் என்று மாக்ஸிம் நம்புகிறான். எவ்வளவு வசதியான நம்பிக்கை பாருங்கள். ரெபெக்கா என்ற பெண்ணைப் பற்றி நமக்குத் தெரிந்த கெட்டதில் பெரும்பகுதி அவளைக் கொன்றவன் வாயால் வந்தது. அவள் தரப்பில் நேரடியாக ஒரு பக்கம்கூட இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். நீதி வேண்டும் என்று அந்தக் கதையில் கத்துகிற ஒரே ஆள் ஜாக் ஃபேவல். ரெபெக்காவின் உறவினன், கள்ளக்காதலன், குடிகாரன், பணம் பறிக்க வந்தவன். அவன் சொல்வது அத்தனையும் உண்மை. ஆனால் அவனை நமக்குப் பிடிக்காது. மாக்ஸிமைக் காப்பாற்றுகிறவர்கள் எல்லாம் நல்லவர்கள். பண்ணையைக் கவனிக்கும் ஃபிராங்க் கிராலிக்கு விஷயம் தெரியும், பேசமாட்டார். நீதிபதி கர்னல் ஜூலியன் ஊகித்துவிட்டார், அவரும் பேசமாட்டார். கடற்கரையில் திரியும் மனவளர்ச்சி குன்றிய பென் எதையோ பார்த்திருக்கிறான். அவனைச் சாட்சிக்குக் கூட்டிவந்தால், பைத்தியக்கார விடுதிக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நடுங்கி, ஒன்றும் பார்க்கவில்லை என்கிறான். அந்த நாளில் இங்கிலாந்தில் கொலைக்குத் தூக்குத்தான். மாக்ஸிமின் கழுத்தைக் காப்பாற்றியது அவன் குலமும் சாப்பாட்டு மேசை நட்பும். கணவன் மனைவிக்குள் இருந்த இரகசியம் அதற்குள் ஒரு வர்க்கத்தின் இரகசியமாகிவிட்டது. டூ மோரியே இதைக் கண்டித்து ஒரு வரி எழுதவில்லை. எழுதியிருந்தால் நாவல் கெட்டிருக்கும்.

எழுதியவரைப் பற்றிக் கொஞ்சம். 1931இல் வந்த அவருடைய முதல் நாவலைப் படித்துவிட்டு, எழுதியவளைப் பார்த்தே தீருவது என்று படகை எடுத்துக்கொண்டு கார்ன்வாலில் ஃபாய் துறைமுகத்துக்கு வந்தவர் ராணுவ அதிகாரி ஃபிரடெரிக் பிரௌனிங். 1932இல் இருவருக்கும் கல்யாணம். பிரௌனிங்குக்கு அதற்கு முன் வேறொரு பெண்ணோடு நிச்சயமாகி முறிந்திருந்தது. அந்தப் பெண்ணின் பழைய கடிதங்களையும் கையெழுத்தையும் பார்த்த டாஃப்னிக்கு, இவர் இன்னும் அவளை நினைக்கிறாரோ என்ற உறுத்தல். கணவரின் பணி காரணமாக அலெக்ஸாண்ட்ரியாவில் இருந்தபோது, எகிப்தின் வெயிலில் ஊர் ஏக்கத்தோடு இந்த நாவலைத் தொடங்கினார். முதலில் எழுதிய சுமார் 15,000 சொற்களைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதினார். ஒரு வேடிக்கையான பின்கதை உண்டு. 1942இல் ஜெர்மன் உளவாளிகள் கெய்ரோவுக்குள் நுழைந்தபோது சங்கேதச் செய்திக்காகக் கொண்டுபோன புத்தகம் இதே ‘ரெபெக்கா’தான்.

கார்ன்வாலில் மெனாபிலி என்ற பாழடைந்த மாளிகை மேல் அவருக்கு இளவயதிலிருந்தே மோகம். மாண்டர்லிக்கு அதுவே முன்மாதிரி. 1943இல் அதை வாடகைக்கு எடுத்து, செப்பனிட்டு, கால் நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்தார். அது கடைசிவரை அவருக்குச் சொந்தமாகவில்லை, உரிமையாளர் குடும்பம் கேட்டபோது விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. 1957இல் பிரௌனிங் உடல்நலம் குலைந்து விழுந்த சமயத்தில், அவருக்கு வேறொரு பெண்ணோடு தொடர்பு இருந்தது மனைவிக்குத் தெரியவந்தது. 25 ஆண்டு மணவாழ்வுக்குப் பிறகு. வாழ்க்கையைக் கொண்டுபோய் நாவலோடு ஒட்டுவதில் எனக்கு அவ்வளவு ஈடுபாடு இல்லை. ஆனால் இதைச் சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

இனி சினிமா. இங்கே கொஞ்சம் கோபமாகவே பேசப்போகிறேன். 1940இல் ஹிட்ச்காக் இதைப் படமாக்கினார். அமெரிக்காவில் அவர் எடுத்த முதல் படம், தயாரிப்பு செல்ஸ்னிக். லாரன்ஸ் ஒலிவியரும் ஜோன் ஃபான்டேய்னும் நடித்தார்கள், டான்வர்ஸாக ஜூடித் ஆண்டர்சன். அந்த ஆண்டின் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் கிடைத்தது. ஒளியும் நிழலும் அருமை, மறுக்கவில்லை. ஆனால் மனைவியைக் கொன்ற கணவன் தண்டனை இல்லாமல் தப்பக் கூடாது என்று அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதி சொன்னது. அதனால் படத்தில் மாக்ஸிம் சுடுவதில்லை. ரெபெக்கா தடுக்கி விழுந்து, தலையில் அடிபட்டுச் சாகிறாள். அவன் பயந்துபோய் மறைக்கிறான், அவ்வளவுதான். முதுகெலும்பை உருவிவிட்டார்கள். நிரபராதியின் வாக்குமூலத்தைக் கேட்டு மனைவி நிம்மதி அடைந்தால் அதில் என்ன இருக்கிறது?

அடுத்த ஆண்டே ஹிட்ச்காக், அதே ஜோன் ஃபான்டேய்னை வைத்து ‘சஸ்பிஷன்’ எடுத்தார். 1932இல் ஃபிரான்சிஸ் ஐல்ஸ் எழுதிய ‘பிஃபோர் த ஃபேக்ட்’ நாவல் அதற்கு மூலம். நாவலில் கணவன் கொலைகாரன் என்று மனைவிக்குத் தெரியும், தெரிந்தே அவன் தரும் விஷத்தைக் குடிக்கிறாள். படத்தில் கணவனாக கேரி கிராண்ட். கேரி கிராண்ட் கொல்வாரா? எல்லாம் மனைவியின் சந்தேகப் புத்தி என்று படம் முடிகிறது. அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் இரண்டு கணவன்மாரைக் கழுவித் துடைத்து அனுப்பிவைத்தது சினிமா.

நம்முடைய ‘புதிய பறவை’ உங்களுக்கு இந்நேரம் நினைவுக்கு வந்திருக்கும். 1964இல் வந்த அந்தப் படத்துக்கு மூலம் வேறு, ‘சேஷ் அங்க’ என்ற வங்காளப் படம். அதே ஆண்டு இந்தியில் வஹீதா ரஹ்மான் நடித்த ‘கோஹ்ரா’தான் நேராக ‘ரெபெக்கா’வைத் தழுவியது. இருந்தாலும் சிவாஜியின் கோபாலையும் ஒலிவியரின் மாக்ஸிமையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோபாலின் முதல் மனைவி சித்ரா அவன் கையால் ஓர் அறை வாங்கியதும் செத்துப்போகிறாள், கொல்லும் எண்ணம் கோபாலுக்கு இல்லை. அங்கும் கதாநாயகன் கை தவறித்தான் பட்டது. ஆனால் தமிழ்ப் படம் ஒரு விதத்தில் நேர்மையானது. அவனைக் காதலித்தவளே போலீஸ்காரியாக நின்று கேட்கிறாள், அவன் கைதாகிறான்.

2012இல் கிலியன் ஃப்ளின் எழுதிய ‘கான் கேர்ள்’ வந்தபோது பலரும் அதைப் புத்தம்புது மோஸ்தர் என்றார்கள். பாதி நாவலைக் கணவன் நிக் சொல்கிறான், மீதியை மனைவி ஏமி சொல்கிறாள். அவள் எழுதிய நாட்குறிப்பே சோடிக்கப்பட்டது என்று நடுவில் தெரிகிறது. என் கணக்கில் ஏமி என்பவள் பேனா கையில் கிடைத்த ரெபெக்கா. டூ மோரியே 74 ஆண்டுகளுக்கு முன் வாய்ப்புத் தராத பெண்ணுக்கு ஃப்ளின் வாய்ப்புத் தந்தார். முடிவிலும் இரண்டு நாவல்களும் ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன: ஒருவர் குற்றம் மற்றவருக்குத் தெரியும், ஆனாலும் பிரிவதில்லை. விறுவிறுப்பில் ஃப்ளின் ஒரு படி மேல். ஆனால் ஏமியைப் படிக்கும்போது நான் வெளியே நின்று பார்க்கிறேன். ‘ரெபெக்கா’வில் என்னையும் உள்ளே இழுத்துக் கூட்டாளியாக்கிவிடுகிறார்கள். அதனால்தான் என் ஓட்டு பழைய நாவலுக்கு.

தண்டனையே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் டூ மோரியே அதை முதலிலேயே வைத்துவிட்டார். முதல் அத்தியாயங்களில் அந்தத் தம்பதி சொந்த நாட்டுக்குத் திரும்ப முடியாமல் அயல்நாட்டு ஓட்டல்களில் காலம் தள்ளுகிறார்கள். பழைய ஆங்கிலப் பத்திரிகையில் கிரிக்கெட் ஸ்கோரை அவள் வாசிக்க அவன் கேட்கிறான். சில பேச்சுகளை எடுப்பதில்லை என்பது இருவருக்கும் இடையே எழுதாத சட்டம். இரகசியம் ஒழிந்துவிட்டது, எங்களுக்குள் ஒளிவுமறைவே இல்லை என்று அவள் பெருமையாகச் சொல்கிறாள். பிறகு, அவன் மனம் நோகக்கூடிய செய்தி எதையும் வாசிக்காமல் தாண்டிவிடுகிறேன் என்கிறாள்! முதல் வாசிப்பில் இந்தப் பக்கங்களை நாம் சரியாகக் கவனிப்பதில்லை, மாண்டர்லிக்கு எப்போது போவோம் என்று ஓடுகிறோம்.

அதனால் ஒரு வேண்டுகோளோடு முடித்துக்கொள்கிறேன். படம் பார்த்துவிட்டேன் என்று சொல்லி நாவலை விட்டுவிடாதீர்கள். மாண்டர்லி எரியும் கடைசிப் பக்கத்தைப் படித்து முடித்த கையோடு, புத்தகத்தை மூடாமல் முதல் இரண்டு அத்தியாயங்களை இன்னொரு முறை வாசியுங்கள். பத்து இருபது நிமிடத்துக்கு மேல் ஆகாது.